மனசுக்குள் திட்டச் சொன்ன நாள்

எனக்குப் பொறுமை கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தது, அடையாறு ஆய்வுக்கூடத்தில் ஆமை வேக வேலை. நோயாளியின் நெற்றிப்பொட்டில் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தி, மூளைக்குப் போகும் ரத்தம் வேகமெடுக்கிறதா என்று பார்ப்பேன். மனதுக்குள் சொற்களை ஓடவிட்டால் ரத்த ஓட்டம் கூடும், திரையில் கோடு ஏறும். பேச முடியாதவர்கள் இதை வைத்துப் பதில் சொல்லலாம். கோடு ஏறினால் ‘வேண்டாம்’. சும்மா இருந்தால் ‘சரி’.

அந்த அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றவர். நோயில் கை, கால், நாக்கு எல்லாம் அடங்கி ஒரு வருடம். காது மட்டும் தெளிவு. மகள் வாராவாரம் ஆட்டோவில் கூட்டிவருவார். “வேண்டாம் என்றால் ‘க’வில் தொடங்கும் சொற்களை நினைத்துக்கொள்ளுங்கள்” என்பேன். கோடு ஏற அரை நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்துவிடும்.

நாலாவது வாரம் மகள் பொரிந்து தள்ளினார். “இன்னா சார் இது? ஒரு வார்த்த பதிலுக்கு இவ்ளோ நேரமா? அடுத்த வாரத்துலேர்ந்து வர்ல. எங்கம்மா பள்ளிக்கூடமே போனதில்ல. அதாண்ட போய் கானா, காவன்னா கேட்டுக்கினு கீறீங்க!”

செவிட்டில் அறைந்தாற்போல இருந்தது. படித்தவன் புத்தி! எழுத்தைப் பிடித்துச் சொல் தேடுவது எங்களுக்கு விளையாட்டு, அவருக்கு அது பரீட்சை.

“அவங்களுக்குத் தடையில்லாம வர்ற பேச்சு எது?” என்று கேட்டேன்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “திட்றதுதான். அது வாயத் தொறந்தா மார்க்கெட்டே கப்சிப்.”

“அம்மா, வேண்டாம்னா மனசுக்குள்ள நல்லாத் திட்டுங்க. என்னையே திட்டுங்க” என்றேன்.

டிவி போடவா, ஃபேனை நிறுத்தவா என்று ஆரம்பித்தோம். வேண்டாம் என்றபோதெல்லாம் கோடு சில நொடிகளிலேயே விர்ரென்று ஏறியது. நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். என்ன வசவு வாங்கினேனோ, அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் மகள், கேட்கத் துணியாமலிருந்ததைக் கேட்டார். “ம்மா, மார்க்கெட்ல உன் எடத்த சித்திக்கு வுட்டுடலாமா? சும்மாவே கெடக்குது, நீயும் இனிமே வந்து...”

கோடு உச்சிக்குப் போய்விட்டது.

“நான் சொல்லி முடிக்கல, அதுக்குள்ள இன்னா அவசரம் உனக்கு?” மகள் அழுதுகொண்டே சண்டை பிடித்தார். மறுபடியும் ஏறியது. ஒரு வருடத்துக்குப் பிறகு இருவரும் சண்டை போட்டார்கள். நான் குறுக்கே போகவில்லை.

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அப்ப உன் எடத்துல நான் ஒக்காரட்டா?”

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். கோடு அசையவே இல்லை.

“சரிங்கறாங்க!” என்று கத்திவிட்டேன்.