நாற்பத்திரண்டு வரிகள்

ஓய்வு பெற்ற பிறகு படம் எடுக்க வந்தவன் நான். என்னைப் பாதித்த இயக்குநர் யார் என்று கேட்பவர்களிடம், முப்பது வருடங்கள் நான் உட்கார்ந்திருந்த அரச அலுவலகக் கவுண்டரின் கண்ணாடித் துவாரத்தைத்தான் சொல்வேன். அதில் ஒரு முகமும் இரண்டு கைகளும் மட்டும் தெரியும். எவ்வளவு நேரம் காத்து நின்றார்கள் என்பது அந்த முகங்களில் இருக்கும். நான் படிவத்தை மட்டும் வாசித்தேன்.

என் முதல் ஆவணப்படத்தில் கொழும்பு கொட்டாஞ்சேனை அக்கா ஒருவர் வருகிறார். துறைமுகத்தில் வேலை செய்த கணவரின் மரணச் சான்றிதழ்ப் பிரதிக்காக ஓர் அலுவலக வாசலில் வரிசையில் நிற்கிறார். வெட்டில்லாமல் ஏழு நிமிடம். நடைபாதையில் படமெடுக்க முறைப்படி பொலிஸ் அனுமதி பெற்றிருந்தேன். அதை ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் மனக்குறை.

கமராவை வைக்கும் முன் அக்கா ஒரு நிபந்தனை போட்டார்.

“தம்பி, நான் நிக்கிறதை வெட்டிப்போட்டு, ‘வந்தா, எடுத்தா, போனா’ எண்டு காட்டுவியளெண்டால் இப்பவே சொல்லுங்கோ. நான் வீட்டை போறன்.”

“வெட்டமாட்டன் அக்கா.”

பொதுமக்களுக்குப் படத்தைக் காட்டத் தணிக்கைச் சபையின் அனுமதி வேண்டும். அதற்குப் படத்தின் பேச்சையெல்லாம் நேரக்குறிப்புடன் கட்டம் கட்டமாக எழுதி, பக்கத்தில் சிங்கள மொழிபெயர்ப்பும் வைக்க வேண்டும். கொடுத்தேன். கோப்பு திரும்பி வந்தது. விசாரிக்கப் போனேன். அங்கிருந்த இளம் முஸ்லிம் உத்தியோகத்தர் என் நரைக்கு மரியாதை கொடுத்து எழுந்து நின்றார்.

“சேர், இந்த ஏழு நிமிஷத்துக்கும் கட்டம் வெறுமையா இரிக்கி. ஃபைல் முழுமையில்ல.”

“அவ ஒண்டும் கதைக்கேல்லையே.”

“அதுதான் சேர். அந்தத் துண்ட வெட்டினா எல்லாருக்கும் லேசு.”

“எல்லாருக்கும் எண்டால்?”

“எனக்கு, சேர்.”

நேர்மையான மனிதர். கோபப்படவும் எனக்கு உரிமையில்லை. வெறுங்கட்டம் உள்ள படிவத்தைத் திருப்பி அனுப்புக என்று என் காலத்தில் சுற்றறிக்கை எழுதியவனே நான்தான். கட்டத்தை வெறுமையாக விட்டு, அந்த ஏழு நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று இப்போது நானே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டுக்குத் திரும்பி, பத்து வினாடிக்கு ஒரு வரியாகக் கட்டங்களை நிரப்பினேன். நிற்கிறார். நிற்கிறார். கால் மாற்றி நிற்கிறார். பையைத் திறந்து அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார். நிற்கிறார். நாற்பத்திரண்டு வரிகள். எல்லாவற்றுக்கும் சிங்கள மொழிபெயர்ப்பு. அதைவிட நல்ல திரைக்கதையை நான் எழுதியதில்லை.

கோப்பை மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினைந்தாவது வரியில் உத்தியோகத்தர் தலை நிமிர்ந்தார்.

“எல்லாத்தையும் வாசிக்கணுமா சேர்?”

“கட்டாயம். வாசிச்சன் எண்டுதானே கையெழுத்து வைக்கப்போறீங்கள்?”

வாசித்தார். கையெழுத்து வைத்தார்.

வெள்ளவத்தையில் ஒரு சிறு மண்டபத்தில் படத்தைக் காட்டினோம். அக்கா முன்வரிசையில் இருந்தார். நாலாவது நிமிடத்தில் பின்னாலிருந்து ஓர் இளைஞர் சத்தம் போட்டார்: “ஹலோ, படம் அசையாமல் இறுகிப்போச்சு! ஒருக்காப் பாருங்கோ!”

புரொஜெக்டருக்குப் பக்கத்திலிருந்து நான் எழுவதற்குள் அக்கா திரும்பினார்.

“ஒண்டும் இறுகேல்லை மகன். அண்டைக்கு நான் மத்தியானம் வரைக்கும் நிண்டனான். நீங்கள் கதிரையிலதானே இருக்கிறியள்? இன்னும் மூண்டு நிமிசம் இருங்கோ.”

இருந்தார்.