ஐ.நா. வசந்தா

மண்ணூர்பேட்டை சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற வசந்தாவை இப்போது எல்லாரும் 'ஐ.நா. வசந்தா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சூப்பர்வைசர் ஹேமநாதன் வேலை நேரத்தில் கக்கூசைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டதில் ஆரம்பித்தது வினை.

"மனுஷ உரிமைய காப்பாத்த ஐ.நா. சபைன்னு ஒண்ணு கீதாமே!" என்று, மகளை விட்டு ஜெனீவாவில் இருக்கிற ஐ.நா. மனித உரிமை ஆபீசுக்கு மெயில் தட்டிவிட்டாள் வசந்தா.

ஜெனீவா வாயே திறக்கவில்லை. ஆனால் அவளுடைய போன் சிணுங்கும்போதெல்லாம், "பதில் வந்துச்சாக்கா?" என்று பெண்கள் மிஷினை விட்டு எழுந்து ஓடிவந்து மொய்த்தார்கள். ஏதாவது விளம்பரம்தான் வந்திருக்கும். ஒரு மிஷின் நின்றாலே அந்த வரிசை நின்றுவிடும், எல்லாமே நின்றால்? தைத்து முடியாத சட்டைகள் மலையாய்க் குவிந்தன. கடைசியில் ஹேமநாதனே வந்து பூட்டைக் கழற்றினார்.

போன வாரம் அவர் நக்கலாகக் கேட்டார்: "இன்னாம்மா, உன் ஐ.நா. பதில் போட்டுச்சா?"

"இன்னும் படிச்சுகினே கீறாங்க சார்," என்றாள் வசந்தா, காலரிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க மறுபடி அந்தப் பூட்டைத் தொட்டுப் பாருங்க. பதில் வந்துச்சான்னு நாங்க அத்தினி பேரும் எந்திரிச்சுப் பாக்குறோம்."