சாம்பிராணிப் புகையில் ஒரு கிண்ணம் சாக்கே

என் தங்கை கஜானியின் கணவர் பார்த்தீபன், மங்கரேயில் ஒரு சரக்குக் குளிர்கிடங்கில் பெட்டி ஏற்றுபவர். அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜப்பானிய மதுவான சாக்கேயும் அங்கேதான் வந்து இறங்கும். அதை இறக்குமதி செய்யும் மிசாக்கோ ஒருநாள் வேலையாட்களுக்குச் சுவைக்கக் கொடுத்தார். மற்றவர்கள் குடித்தார்கள், பார்த்தீபன் முகர்ந்துகொண்டே நின்றார். முதலில் முலாம்பழம், பிறகு அவித்த அரிசி என்றார். அன்றுமுதல் மிசாக்கோவுக்கு அவர் சுவைஞர். என் தங்கைக்குக் குடிகாரர்.

பிறகு, சாக்கேயைச் சுவை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலையொன்று மிசாக்கோவிடம் காலியானது. இறுதிச் சோதனையை மனுரேவாவில் தன் வீட்டிலேயே வைக்கும்படி பார்த்தீபன் கேட்டுக்கொண்டார். இது குடிகாரன் வேலை அல்ல என்பதைக் கஜானி கண்ணால் காணவேண்டுமாம். மிசாக்கோவுக்கு வெள்ளி மாலைதான் வசதி.

வீட்டில் ஒரு மணமும் இருக்கக்கூடாது என்று பார்த்தீபன் கஜானியிடம் முன்பே சொல்லிவைத்தார். அவளும் அன்று அடுப்பு மூட்டவில்லை.

விருந்தாளிக்கு முன்னே வீடு வந்த பார்த்தீபன் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஒரே சாம்பிராணிப் புகை.

"என்னப்பா செய்து வச்சிருக்கிறீர்?"

"வெள்ளிக்கிழமையெல்லே. ஆக்களும் வருகினம். கொஞ்சம் கூடவே போட்டனான்."

"மணம் வேண்டாமெண்டு சொன்னனானெல்லே!"

"நான் சமைச்சனானே? இது சாமிக்கு. இதைப்போய் மணமெண்டுறியள்!"

அதற்குள்ளேயே நின்று இருவரும் சண்டை பிடித்தார்கள். அன்று அங்கே வந்திருந்த நான் சன்னல்களைத் திறப்பதற்குள் புகை அவர் தலைமயிரிலும் சட்டையிலும் ஏறிவிட்டது. மிசாக்கோ வந்ததும், புகை எட்டாத, கார் நிறுத்தும் கராஜுக்குப் போனோம். புகையும் பார்த்தீபனோடு வந்தது.

அரிசியைப் பாதிக்குமேல் தீட்டிச் செய்த உயர்ந்த சாக்கே. குளிரவைத்து ஊற்றினார் மிசாக்கோ. பார்த்தீபன் முகர்ந்தார், வாயில் உருட்டினார், கிண்ணத்தை வைத்துவிட்டார்.

"இதைப் போன மாதமும் சுவைத்தீர்கள். அன்று சொன்னதையே சொல்லுங்கள், போதும்" என்றார் மிசாக்கோ.

"அது அன்றைக்கு. இன்று எனக்குப் புகைதான் தெரிகிறது."

மறுநாள் விமானம் ஏறவேண்டிய மிசாக்கோ, காத்திருக்க முடியாது என்று வருத்தம் சொல்லிப் போனார். வேலை வேறொருவருக்குப் போனது.

அன்று மிசாக்கோவின் கார் தெருமுனை திரும்புமுன்னரே கஜானி வெடித்தாள். "அவவே வழி சொல்லிக்குடுத்தவ! வாயைத் திறந்து பழைய கதையைச் சொன்னா என்ன குறைஞ்சு போறியள்?"

"தெரியாததைத் தெரியுமெண்டு சொல்லவோ? அதுக்கு நான் குடிகாரனாவே இருக்கலாம்!"

இருவர் மேலும் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. பார்த்தீபன் கிண்ணத்தை எடுத்தார். ஒரு துளியும் சிந்தவிடாத மனிதர், அவ்வளவையும் கராஜ் தரையில் வீசி ஊற்றினார்.