கூமுட்டையும் கோழியும்

முட்டை வியாபாரத்தில் உடைந்த முட்டை காசோடு போகும், கெட்ட முட்டைதான் மானத்தையும் சேர்த்து வாங்கும். கடை வைத்துப் பிழைக்கிறவர்களுக்குத் தெரியாததா? குமணன்சாவடியில் என் முட்டைக்கடையில் அதிகம் புழங்குகிற வார்த்தையே கூமுட்டைதான்.

குலுக்கல்

ஃபிளாட்டில் குடிவந்த ஐடி தம்பி, முட்டையை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்குவார். சத்தம் வந்தால் கூமுட்டை என்று ஊரிலிருந்து அம்மா சொல்லியிருக்கிறாராம். அந்தக் குலுக்கு குலுக்கினால் நல்ல முட்டைக்கே தலை சுற்றும். பொறுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன தம்பி பேசுது?" என்றேன்.

"ஒண்ணுமே பேச மாட்டேங்குதுக்கா, அதான் சந்தேகமா இருக்கு."

பெயர்க்காரணம்

லோடு இறக்க வரும் ஆட்டோக்காரர் ஒருநாள், "கூமுட்டைன்னா இன்னாக்கா அர்த்தம்?" என்றார். அடைக்கு வைத்த முட்டை பொரிக்காமல் உள்ளே கூழாகிவிட்டால் அது கூழ்முட்டை, அதுதான் வாயில் தேய்ந்து கூமுட்டை. மண்டைக்குள்ளும் அதே கதி என்று மனுஷனுக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள் என்றேன்.

"அப்ப என் மாமியா கூழு, முட்டைன்னு துன்ற பொருள் பேர சொல்லித்தான் திட்டிகினு கீது, பரவால்லக்கா."

அப்பாவும் மகளும்

பாரிவாக்கம் விக்டர் சாரின் மகள் ஸ்டெல்லா, பிளஸ் டூ கணக்கில் ஃபெயில். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர், கடுப்பாகி நிறுத்திவிட்டார். இருவரும் முட்டை வாங்க வந்த அன்று, மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்க மறுநாள்தான் கடைசி. அவளோ எழுதவே மாட்டேன் என்கிறாள். "இந்தக் கூமுட்டைக்கு எதும்மா ஏறப்போகுது?" என்று அவளை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவனே இப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளை எந்தத் தைரியத்தில் எழுதும்? ஆனாலும் நல்ல கஸ்டமர், வாயை மூடிக்கொண்டு முட்டையை எடுத்து வைத்தேன்.

ஸ்டெல்லாதான் கேட்டாள். "முட்டை எதனால ஆன்ட்டி கூமுட்டை ஆவுது?"

"அடைக்கு உக்காந்த கோழி நடுவுல எழுந்து போயிட்டா சூடு ஆறிடும்மா. முக்காவாசி அதனாலதான்."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை.

"நான் எழுதுறேன்பா. நீங்க நடுவுல எழுந்து போவாதீங்க."

முட்டை கெட்டிருந்தால் நான் மாற்றித் தருவேன், வாயிலிருந்து விழுந்த வார்த்தையை மாற்றித் தருகிற கடை எனக்குத் தெரிந்து குமணன்சாவடியில் இல்லை.