தூசி எவ்வளவு தூரம் போகும்: டவுன்டவுனில் ஒரு கண்காட்சி

கடல்கடந்து வந்து, நகரோரத்து மல்வேர்னில் தனியாக இருப்பவனுக்குச் சனிக்கிழமை சரியான நீளம், போகவே போகாது. பழைய அணுகுண்டு ஆவணங்களின் கண்காட்சி டவுன்டவுன் நூலகமொன்றில் நடக்கிறது, அனுமதி இலவசம் என்று கண்டதும் போன சனி கிளம்பிவிட்டேன். இலவசம் என்றால் எனக்குக் கால் நிற்காது.

காலை 8.40க்கு பஸ், பிறகு கெனடி ஸ்டேசனில் சப்வே. முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட, ஒன்றரை மணித்தியாலம், 3.30 டொலர். பஸ் சாரதி நம்மவர்.

"எங்க அண்ணை, தனிய?"

"அணுகுண்டு பாக்கப் போறன்."

"ஊரில சண்டையில பாத்த குண்டுகள் போதாதே?"

சிரித்தோம். அன்று நான் சிரித்தது அவ்வளவுதான்.

கண்காட்சி ஒரே அறை. என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு வல்லரசின் அதிகாரிகள் எழுதிய குறிப்பு. சோதனைக் குண்டின் நச்சுத் தூசி எவ்வளவு தூரம் போய் விழும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பிறநாட்டு மக்களுக்கு அதை எப்படிச் சொல்வது என்பதுதான் கவலை. ஒரேயடியாகச் சொல்லக் கூடாது. நட்பு நாடுகளுக்கு முதலில், கொஞ்சம் கொஞ்சமாக. கெட்ட செய்தியோடு ஓர் ஆறுதலையும் சேர்க்க வேண்டும். தலையில் தூசி விழப்போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இதே வேலையை நானும் செய்திருக்கிறேன். என் மனைவி ஸ்ரெல்லாவுக்குப் புற்றுநோய், ஆறு மாதம்தான் என்று டொக்டர் சொன்ன அன்றே, மன்னாரிலிருக்கும் அவளுடைய அக்காவிடம் "சின்னக் கட்டி, பயமில்லை" என்றேன். பிறகு கிழமைக்குக் கொஞ்சமாகச் சொன்னேன். போனில் நோயைப் பற்றிக் கதைக்க வேண்டாமென்று அக்கா, தங்கை இரண்டு பேரிடமும் நானே சொல்லிவைத்தேன். மச்சாள் தங்கையின் செத்தவீட்டை வீடியோவில்தான் பார்த்தார். இந்த இரண்டு வருடமும் ஞாயிறுதோறும் எனக்குப் போன் எடுக்கும் ஒரே ஆள் அவர். நான் மறைத்ததைச் சொன்னால் அதுவும் நின்றுவிடும் என்ற பயத்தில் சொல்லவேயில்லை.

வெளியே வாங்கொன்றில் உட்கார்ந்து 11.10க்கு மச்சாளுக்குப் போன் எடுத்தேன். மன்னாரில் இரவு 8.40.

"மச்சாள், எனக்கு முதல் நாளே தெரியும். உங்களுக்கு மறைச்சுப்போட்டன்."



"அவளுக்குத் தெரியுமோ, தம்பி?"

"ஓம்."

"எனக்குத் தெரியாதெண்டும் தெரியுமோ?"

"இல்லை. உங்களுக்குச் சொல்லியாச்சு எண்டுதான் அவளுக்குச் சொன்னனான்."

"அப்ப, தெரிஞ்சும் அக்கா வரேல்லை எண்டெல்லே நினைச்சுக்கொண்டு போயிருப்பாள்."

போனை வைத்துவிட்டார். மறுநாள் ஞாயிறு. போன் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கண்காட்சி மாதக் கடைசிவரை உண்டு. பார்க்க ஒரு மணித்தியாலம் போதும். இரண்டு மணித்தியாலம் செல்லுபடியாகும் ஒரே கட்டணத்தில் போய்த் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள், மல்வேர்ன்காரருக்கு அது சரிவராது. காலையிலேயே போங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால், அந்நேரம் அங்கே இன்னும் விழித்திருப்பார்கள்.