கனம் மண்ணாங்கட்டி

"மெம்பர் போயிட்டாரு" என்றார் என் கணவர், சைக்கிளை விட்டு இறங்காமலே.

"எந்த வண்டிக்கு?" என்று கேட்டேன். சட்டசபை கூடுகிறதென்று மெம்பர் மண்ணாங்கட்டி அன்று பட்டணம் போகவேண்டியிருந்தது. கணவர் இறங்கி வந்து குழந்தையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். அப்போதுதான் புரிந்தது. திண்டிவனம் ஸ்டேஷனில், வண்டிக்குக் காத்திருந்த பெஞ்சிலேயே மாரடைப்பு. அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இரங்கல் கூட்டத்தில் பேசிவிட்டீர்கள், எழுதியும் விட்டீர்கள். நான் இப்போதுதான் எழுத உட்கார்கிறேன்.

ஒலக்கூர்ப் பக்கம் ஒரு குழி நிலமும் இல்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்து, யுத்தத்துக்கு முன் ஒரு முறையும் இப்போது ஒரு முறையும் சபைக்குப் போனவர். தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். கேள்விகளை இங்கிலீஷில் எழுதித்தர ஆள் தேடி, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தமிழாசிரியரான என் கணவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா பி.ஏ. அம்மா, படிச்சத எல்லாம் கொழம்புலயே கரைச்சிக்கினு இருக்கப் போறியா?"

கோபம் வந்தது. ஆனாலும் எழுதிக்கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் கேட்ட கேள்விகளெல்லாம் என் கையெழுத்துதான்.

முதன்முதலாகச் சபையில் மரியாதைக்கு "கனம் அங்கத்தினர் மண்ணாங்கட்டி" என்று கூப்பிட்டபோது எல்லோரும் சிரித்தார்களாம். "நானும் சிரிச்சேம்மா. மண்ணாங்கட்டின்னா கனமாத்தானே இருக்கும்!" என்றார். பிறகு, காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்கு முன்னாடி எங்கம்மாவுக்கு நாலு புள்ள. ஒண்ணும் தங்கல. அஞ்சாவதா என்னைக் குப்பையில போட்டுப் பொரட்டி, எமனே வேணாம்னு தள்ளட்டும்னு இந்தப் பேர வெச்சாங்க. ஒரு டாக்டர் இருந்திருந்தா எனக்கும் ராமு, சோமுன்னு நல்ல பேரா கெடைச்சிருக்கும்."

கடைசியாக வந்தது, இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சுற்றுவட்டத்துக்கு ஒரு லேடி டாக்டர் வேண்டும் என்று கேள்வி. 'ஸ்திரீகளுக்குப் போதிய வைத்திய வசதி' என்று பதவிசாக எழுதினேன். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"இது யாருக்கும்மா புரியும்? பொம்பளைங்க பிரசவத்துல சாவறாங்க. ஆம்பள டாக்டருக்குக் காட்ட மாட்டேன்னு கதவ சாத்திக்கினு சாவறாங்க. அத எழுது."

"எனக்கு வெட்கமா இருக்குங்க."

"சாவறதுக்கு வெக்கமில்ல, கேக்கறதுக்கு இன்னாம்மா வெக்கம்?"

அவருக்குத் தெரியாது: முதல் பிரசவத்தில் இரண்டு நாள் அப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவள் நான். "ஆண் டாக்டர் வேண்டாம்" என்று கத்தியதும் நானே. பிழைத்தது மருத்துவச்சியின் கெட்டிக்காரத்தனமோ தெய்வச் செயலோ. அடித்துத் திருத்தி எழுதினேன். கிளம்பும்போது தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எத்தினி மாசம்?"

"எட்டு."

"பயப்படாத. ஜல்தியா கேட்டுர்றேன்."

அவர் இறந்தார் என்று கேட்டதும் என் கை வயிற்றுக்குத்தான் போனது. அவருக்காக அழுதது அதற்குப் பிறகுதான். இதை எழுதாமல் விட்டால் பொய்யாகும்.

மெம்பர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சபை விதி தெரிந்த ஒருவர் இருந்தார். "அந்தக் கேள்வி என்னாகும்?" என்று கேட்டேன்.

"மெம்பரே இல்லன்னா கேள்வி ஏதும்மா? அது தானா வுழுந்துடும்" என்றார்.

வேறொரு மெம்பர் வந்து, அவர் கேட்டு, பதில் வருவதற்குள் எனக்கு நாள் வந்துவிடும். எங்கள் மெம்பர் சொன்ன அதே வார்த்தைகளை என் பெயரில் மந்திரிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் இல்லை. நேற்று, மாமியார் இருக்கும்போதே கணவரிடம் சொல்லிவிட்டேன்: "வலி கண்டதும் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆணாக இருந்தாலும் சரி. நான் வேண்டாமென்று கத்தினாலும் கேட்காதீர்கள்."

மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். மெம்பரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். இந்த முறை கதவைச் சாத்த மாட்டேன்.