கம்ப்யூட்டரில் இடம் பிடித்த சத்தம்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காதுதான் சோறு போட்டது. ஐந்தாவது மாடியில் கோளாறு என்று கூப்பிட்டால் தரைத்தளத்தில் நின்றபடியே கண்ணை மூடிக் கேட்டு, "ரோலர் தேஞ்சிருக்கு" என்பார். தேய்ந்துதான் இருக்கும். அப்பேர்ப்பட்டவர் தான் குறட்டை விடுவதை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டார். டாக்டரைப் பார்க்கலாம் என்று மனைவி ஆரம்பித்தாலே, "எனக்குக் கேக்காத சத்தமா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் பரீட்சைக்கான மென்பொருளை ஏற்றப் பார்த்தாள். இடமில்லை என்று அடம்பிடித்தது வீட்டுக் கம்ப்யூட்டர்.

"அப்பா, உங்க பழைய படத்தையெல்லாம் அழிச்சிடவா?"

"அதைத் தொடாதே. எது இடத்தை அடைக்குதுன்னு முதல்ல பாரு."

பெரிய கோப்புகள் மேலே வரும்படி மகள் வரிசைப்படுத்தினாள். படங்கள், பாவம், எங்கோ அடியில் கிடந்தன. மேலே இருந்ததெல்லாம் 'ஆதாரம்' என்ற ஃபோல்டரின் ஒலிப்பதிவுகள். ஒவ்வொன்றும் ஒரு முழு இரவு நீளம். ஒன்றைத் தட்டினாள்.

கரகரவென்று ஏதோ இழுத்தது, நின்றது, திணறி மறுபடி இழுத்தது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். முகம் இறுகியது.

"எந்த பில்டிங் இது? பேரிங் சுத்தமா போயிடுச்சு. உடனே நிறுத்தச் சொல்லு, ஆள் ஏறினா ஆபத்து!"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"நீங்கதான் அது. டாக்டர்கிட்ட காட்டணும்னு தினம் ஃபோன்ல பதிஞ்சு இதுல ஏத்தி வெச்சேன்."

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையில் கவிழ்ந்தாள். மெக்கானிக்கின் காது நுனி சிவந்தது. ஆனாலும் தொழில்காரர், பதிவை நிறுத்தவிடாமல் இன்னும் குனிந்து கேட்டார்.

"சரி, கரகரப்பு நான். நடுவுல விசில் அடிக்கிறது யாரு?"

"ஜன்னல் இடுக்குல காத்து."

"விசில் நின்னதும் ஜன்னல் புரண்டு படுக்குமா? 'போர்வையை விடுங்க'ன்னு சொல்லுமா?"

இரண்டுமே பதிவில் இருந்தன. மனைவி துணிக்கூடையோடு மெல்ல நழுவப் பார்த்தாள். மகள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அத்தனையையும் அழித்துவிடலாம் என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அப்படி ஓர் ஒற்றுமை! மகள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. டாக்டருக்கென்று ஒன்றை மட்டும் பிடிவாதமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலிசெய்ததும் மென்பொருள் மளமளவென்று ஏறி உட்கார்ந்தது.

அடுத்த வாரம் டாக்டர் அந்தப் பதிவைக் கேட்டார். மூச்சு நிற்கும் இடத்தில் அவர் சிரிக்கவில்லை. பரிசோதனை முடிந்து, தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு காற்று முகமூடி வந்தது.

அதை மாட்டிய அன்று இரவு வீட்டில் அப்படியோர் அமைதி. மனைவிக்குத்தான் தூக்கம் வரவில்லை. மார்பு ஏறி இறங்குகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது:

"உயிரோடதான் இருக்கேன். தூங்க விடும்மா."